ஒரு கட்டைவிரலுக்கு 30 சதவீதம்

பக்கத்து வீட்டுக்காரருக்கு வலது கையில் கட்டைவிரல் கிடையாது. நாங்கள் குடிவந்த மறுநாள் வேலிக்கு மேலே கையை நீட்டினார். பிடித்தபோதுதான் தெரிந்தது, கையில் நான்கு விரல்கள்தான். வேறு யாராக இருந்தாலும் ஐயோ பாவம் என்று நினைத்திருப்பார்கள். என் மனதில் ஓடியது, "30 சதவீதம்."

தொழில் புத்தி, வேறொன்றுமில்லை. கனடா வருவதற்கு முன் சென்னையில் பதினோரு ஆண்டுகள் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து இழப்பீட்டுப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனதாகக் கொள்ள வேண்டும் என்ற கணக்கு அது. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40. கட்டைவிரலுக்கு 30. வாய்ப்பாடு மறந்தாலும் இது மறக்காது.

நாங்கள் இருப்பது ஆல்பர்ட்டா மாகாணத்தில், கால்கரிக்கு வடக்கே ஏர்ட்ரி என்னும் ஊர். கனடாவின் தொழில்முறை ரோடியோ சங்கத்துக்குத் தலைமை அலுவலகம் இங்கேதான். துள்ளும் குதிரை, காளை மீது ஏறித் தாக்குப்பிடிப்பதும் மாட்டைக் கயிறு வீசிப் பிடிப்பதும்தான் ரோடியோ. அதைச் சொன்னதும் ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் எல்லோரும் "நம் ஜல்லிக்கட்டு மாதிரியா?" என்று கேட்கிறார்கள். நான் மன்னார்குடிக்காரன், ஜல்லிக்கட்டை டிவியில்தான் பார்த்திருக்கிறேன். அந்த ஒப்பீட்டைச் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

பக்கத்து வீட்டுக் கிழவர் பழைய ரோடியோ ஆள். எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். நான் என்ன வேலை பார்த்தவன் என்று ஒருநாள் கேட்டார், சொன்னேன். உடனே உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட உறுப்பினர் அட்டைகள். "எங்கள் சங்கம் 1944இல் தொடங்கியபோது அதற்கு என்ன பெயர் தெரியுமா?" என்றார். "கௌபாய் இன்சூரன்ஸ் சங்கம்."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு தேடிப் படித்துப் பார்த்தால் உண்மைதான். வீரம், குதிரை, புழுதி, அகன்ற தொப்பி என்று போஸ்டர் போடும் ஒரு விளையாட்டின் கனடியச் சங்கம், பிறக்கும்போது ஒரு விபத்துக் காப்பீட்டு ஏற்பாடாகத்தான் பிறந்திருக்கிறது. அன்றிலிருந்து எனக்கு இதில் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

ரோடியோக்காரனுக்குச் சம்பளம் கிடையாது. இதை முதலில் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். ஒவ்வொரு போட்டிக்கும் அவன்தான் நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். பெட்ரோல், சாப்பாடு, கயிறு, சேணம் எல்லாம் கைக்காசு. எட்டு விநாடி குதிரை முதுகில் தாக்குப்பிடித்தால் பரிசு கிடைக்கலாம். அதுவும் முதல் சில இடங்களுக்குள் வந்தால். ஏழு விநாடியில் விழுந்தால் ஒன்றும் இல்லை. விழும்போது தோள்பட்டை இறங்கினால் அதற்கும் அவன்தான் செலவழிக்க வேண்டும். முதலாளி என்று ஒருவன் இல்லாததால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் எதுவும் அவன் பக்கம் எட்டிப் பார்க்காது. பிரீமியம் கணக்கிடுகிற எவனும் இந்த ஆளுக்கு பாலிசி கொடுக்க மாட்டான். நானும் கொடுத்திருக்க மாட்டேன்.

இந்தப் பக்கம் இந்த விளையாட்டு வேரூன்றியது சங்கத்துக்கு வெகு காலம் முன்பு. தெற்கு ஆல்பர்ட்டாவில் ரேமண்ட் என்ற சிற்றூரில் 1902இல் ரே நைட் என்ற பண்ணைக்காரர் நடத்தியதைத்தான் கனடாவின் முதல் ஸ்டாம்பீட், அதாவது ரோடியோ திருவிழா, என்பார்கள். ஊரின் பெயரே அவர் பெயர்தான். பண்ணைகளில் குதிரை பழக்குபவர்களும் மாடு பிடிப்பவர்களும் யார் கெட்டிக்காரன் என்று மோதிப் பார்த்ததற்கு அரங்கமும் டிக்கெட்டும் வந்தன. 1912இல் கை வீடிக் என்ற அமெரிக்கக் காட்சிக்காரர் கால்கரிக்கு வந்து, நான்கு பெரும் பணக்காரர்களைப் பேசிச் சம்மதிக்கவைத்து, ஒரு லட்சம் டாலர் உத்தரவாதத்தோடு பெரிய ஸ்டாம்பீட் நடத்தினார். அது 1923இல் தொழிற்கண்காட்சியோடு சேர்ந்து ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது.

நான் வியந்து பார்ப்பது இவர்களை அல்ல, பாஸ்கம் குடும்பத்தை. அவர்களும் அதே தெற்கு ஆல்பர்ட்டாதான். வெட்டவெளியில் குதிரையைக் கட்டிப் பிடித்து ஏறிக்கொண்டிருந்த காலத்தில், 1916இல், குதிரையைப் பக்கவாட்டில் திறந்துவிடும் மரக்கூண்டு ஒன்றை அமைத்தார்கள். அந்தக் கதவு எந்தப் பக்கம் திறந்தால் ஆளின் முழங்கால் நசுங்காது என்று யோசித்து 1919இல் அதைத் திருப்பி வைத்தார்கள். சேணம் இல்லாமல் ஏறுவோருக்கு ஒற்றைக் கைப்பிடி ஒன்றை எர்ல் பாஸ்கம் 1924இல் செய்தார், பழைய ரப்பர் பெல்ட் துண்டிலிருந்து. இன்றைக்கு உலகத்தில் எங்கே ரோடியோ நடந்தாலும் அந்தக் கதவும் அந்தக் கைப்பிடியும்தான். விபத்தைக் குறைப்பது இழப்பீடு கொடுப்பதைவிடப் பெரிய காரியம் என்று எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். யாரும் கேட்டதில்லை.

சங்கம் என்ற எண்ணம் வந்தது தெற்கிலிருந்து. 1936 அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் கார்டன் அரங்கில் கர்னல் டபிள்யூ. டி. ஜான்சன் என்பவரின் ரோடியோ. பரிசுத்தொகை மிகக் குறைவு. வென்றாலும் வீட்டுக்குத் திரும்பும் ரயில் செலவுக்குத் தேறாது. போட்டியாளர்கள் கட்டிய நுழைவுக் கட்டணமும் பரிசில் சேரவில்லை. பரிசை இரட்டிப்பாக்கு, எங்கள் கட்டணத்தை அதில் சேர், இல்லையென்றால் ஏற மாட்டோம் என்று 61 பேர் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று போனது. ஜான்சன் மாற்று ஆட்களை வைத்துக் காட்சியை ஓட்டிப் பார்த்தார். எடுபடவில்லை. கடைசியில் இறங்கி வந்தார்.

அப்படிப் பிறந்த சங்கத்துக்கு வைத்துக்கொண்ட பெயர், கௌபாய் ஆமைகள் சங்கம். ஒன்றுசேர இத்தனை காலம் பிடித்த மந்தக்காரர்கள், ஆனால் கடைசியில் ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை வெளியே நீட்டிவிட்டோம் என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொண்டதாகக் கதை. தங்களையே கிண்டல் செய்துகொண்டு பெயர் வைத்த தொழிற்சங்கம் வேறு எங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. கால்கரியில் 1929இலிருந்து பட்டங்களை வாரிக் குவித்த கார்ட்ஸ்டன்காரர் ஹெர்மன் லிண்டரும், மேலே சொன்ன எர்ல் பாஸ்கமும் அந்த ஆமைக் கூட்டத்தில் இருந்தவர்கள். ஆக, ஆல்பர்ட்டாவுக்கு இந்தப் பாடம் செவிவழிச் செய்தியாக வரவில்லை, நேரில் கலந்துகொண்டவர்களோடு வந்தது.

ஆனால் பாஸ்டனில் சண்டை பரிசுப் பணத்துக்காக. இங்கே எட்டு ஆண்டு கழித்துச் சங்கம் வைத்தவர்கள் முதலில் பெயரில் எழுதியது இன்சூரன்ஸ் என்ற சொல்லை. ஏன்?

1944 என்ற ஆண்டைப் பார்த்தால் எனக்குக் காரணம் புரிகிறது. கனடா என்றாலே இலவச மருத்துவம் என்று இன்று நினைக்கிறோம். அன்று அப்படி ஒன்று இந்த நாட்டில் எங்குமே இல்லை. பக்கத்து மாகாணமான சஸ்காச்சுவானில் அரசு மருத்துவமனைக் காப்பீடு வந்தது 1947 ஜனவரியில். ஆல்பர்ட்டாவில் டாக்டர் கட்டணம் உட்பட எல்லாவற்றையும் அரசு ஏற்றுக்கொண்டது 1969இல்தான். இடைப்பட்ட காலத்தில் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தவன் தொப்பியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் பணம் கேட்க வேண்டும். கிழவர் சொல்வது: அவர் சிறுவனாக இருந்தபோது அப்படித் தொப்பி சுற்றி வந்ததைப் பார்த்திருக்கிறார். அவருடைய அப்பா அதில் ஒரு டாலர் போட்டுவிட்டு, "நாளைக்கு என் தொப்பி" என்றாராம்.

ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்துக்கொள்வது, யாருக்கு விழுகிறதோ அவனுக்கு எடுத்துக் கொடுப்பது. காப்பீட்டுத் தொழில் முழுவதும் இந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகப் பின்னால் எழுதிச் சேர்த்தது. கம்பெனிகள் தள்ளிவிட்ட ஆபத்தை அந்த ஆட்கள் தங்களுக்குள்ளேயே பங்கு போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே, 1945இல், பெயரைக் கௌபாய் பாதுகாப்புச் சங்கம் என்று மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டில் தெற்கே ஆமைகளும் ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு ரோடியோ கௌபாய் சங்கம் என்று மரியாதையான பெயருக்கு மாறின. எனக்கென்னவோ ஆமையே நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்த பெயர் மாற்றங்களுக்கு டப்பாவே போதும். 1964 அட்டையில் பாதுகாப்புச் சங்கம். அடுத்த அட்டையில், 1965இலிருந்து, கனடிய ரோடியோ கௌபாய் சங்கம். 1980 அட்டையில் இன்றைய பெயர், கனடிய தொழில்முறை ரோடியோ சங்கம். இன்சூரன்ஸ் போய், பாதுகாப்பும் போய், தொழில் என்ற சொல் உள்ளே வந்திருக்கிறது.

இடையில் 1974இல் எட்மன்டனில் முதல் தேசிய இறுதிப்போட்டி தொடங்கியது. ஆண்டு முழுவதும் யார் அதிகப் பரிசுப் பணம் சேர்த்தார்களோ அவர்கள் மட்டும் மோதும் போட்டி. ஒரு டாலர் வென்றால் ஒரு புள்ளி, கணக்கு அவ்வளவு எளிது. நாற்பது ஆண்டுக்கு மேல் எட்மன்டனில் நடந்த அது 2018இல் ரெட் டீர் ஊருக்குப் போய், 2024இல் மீண்டும் எட்மன்டனுக்கே திரும்பி வந்தது. எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று இங்கே டீக்கடையில், மன்னிக்கவும், காபிக் கடையில், நடக்கும் சண்டையைக் கேட்டால் பாஸ்டன் பரவாயில்லை என்று தோன்றும்.

சங்கத்தின் அன்றாட வேலை எனக்கு இன்னும் பிடித்தது, ஏனென்றால் அது குமாஸ்தா வேலை. எந்த ரோடியோ அங்கீகாரம் பெற்றது, எந்த நடுவர் எங்கே போகிறார், பரிசில் நுழைவுக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா, பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே நாளில் வைத்து மோதிக்கொள்ளாமல் பார்ப்பது. கனடா தினத்தை ஒட்டிய வாரத்தைக் கௌபாய் கிறிஸ்துமஸ் என்கிறார்கள். எங்கள் ஏர்ட்ரியிலும், 1936இலிருந்து நடக்கும் போனோக்காவிலும், இன்னும் பல ஊர்களிலும் அதே வாரம். இரவோடு இரவாக வண்டி ஓட்டிக்கொண்டு ஓர் ஊரில் ஏறி, அடுத்த ஊரில் விழுந்து, மூன்றாவது ஊரில் பரிசு வாங்குவார்கள். அந்த அட்டவணை ஒழுங்காக இல்லையென்றால் எவனுக்கும் வருமானம் இல்லை.

யார் அட்டைக்குள் வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1912 கால்கரியில் யாரையும் முதுகில் தங்கவிடாத குதிரை என்று பெயர் எடுத்த சைக்ளோன் மீது ஏறி, அது துள்ளி ஓயும்வரை இறங்காமல் வென்றவர் டாம் த்ரீ பெர்சன்ஸ், கைனாய் பழங்குடியைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் பழங்குடிகள் தங்கள் ஒதுக்கிடத்தை விட்டு வெளியே வரவே அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து, 1914இல், பாரம்பரிய உடையில் காட்சிகளில் கலந்துகொள்வதற்கும் அனுமதி வேண்டும் என்று சட்டத்தையே திருத்தினார்கள். ஜெயித்தவனுக்குக் கைதட்டிவிட்டு அவன் தெருவுக்கு வாசல் வைத்துப் பூட்டிய கதைதான். கைனாய்காரர்கள் பின்னால் தங்களுக்கென்று சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1976இலிருந்து எல்லைக்கு இருபுறமும் உள்ள பழங்குடிகளுக்குத் தனி இறுதிப்போட்டியே உண்டு. பெண்களும் அப்படித்தான். டெக்சஸின் சான் ஏஞ்சலோவில் 1948இல் 38 பெண்கள் கூடித் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். கனடாவில் அது 1957இல். யாராவது உள்ளே விடுவார்கள் என்று காத்திருக்கவில்லை.

போன கோடையில் கிழவரோடு ஏர்ட்ரி ரோடியோவுக்குப் போயிருந்தேன். மாட்டுக்கன்றைக் கயிறு வீசிக் கட்டும் போட்டி வரும்போது நான் எழுந்து எலுமிச்சைச் சாறு வாங்கப் போய்விடுவேன். கன்று கயிற்றில் மாட்டி இழுபட்டு விழுவதைப் பார்க்க முடியவில்லை. கிழவருக்கு இது வருத்தம். ஆனால் அவர் தொழில்காரர், நான் பார்வையாளன். என் கண்ணுக்கும் ஓர் ஓட்டு உண்டு. வான்கூவர் பக்கத்தில் கிளோவர்டேல் ரோடியோ, ஒரு கன்றுக்கு நேர்ந்த விபத்துக்குப் பிறகு 2007இல் கன்று கட்டுவது உட்பட நான்கு போட்டிகளை நிறுத்தியது. அதைச் சொன்னால் அவர் வானத்தைப் பார்ப்பார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது குதிரைப் போட்டி. கதவு திறந்தது. இடது கையை வானத்தில் வைத்துக்கொண்டு ஒரு பையன். அந்தக் கை குதிரை மேல் பட்டால் மதிப்பெண் இல்லை. மொத்தம் நூறில் பாதி அவனுக்கு, பாதி குதிரைக்கு. சாதுவான குதிரை கிடைத்தால் பாவம், ஆளுக்கும் நஷ்டம். ஐந்தாவது விநாடியில் பையன் முன்பக்கமாகப் பறந்து, தோளில் விழாமல் தலையில் விழுந்தான். சத்தம் எங்கள் வரிசை வரை கேட்டது. மருத்துவக் குழுவினர் வேலியேறி ஓடினார்கள். ஒருவர் மண்டியிட்டு அவன் கண்ணெதிரே விரலை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பையன் எழுந்து, தொப்பியைத் தேடி எடுத்து, கூட்டத்துக்கு ஆட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். கிழவர் தட்டவில்லை. "அவன் எந்தக் கிழமை என்று கேட்டிருப்பார்கள்," என்றார். "எங்கள் காலத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாதி நாள் எனக்குத் தெரிந்திருக்காது."

பிறகு டை பாஸபான் பெயரைச் சொன்னார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மெரிட் ஊர்ப் பையன், காளை மேல் ஏறுவதில் கனடாவின் சாம்பியன். 2017 ஜனவரியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 25. மூளையை ஆராய்ந்தபோது, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் நாட்பட்ட சிதைவு இருந்தது. தொழில்முறைக் காளையேற்ற வீரர் ஒருவரிடம் அது உறுதி செய்யப்பட்டது அதுவே முதல் முறை. அவர் பெயரில் குடும்பமும் நண்பர்களும் வைத்த அறக்கட்டளை, ரோடியோக்காரர்களின் தலைக்காயங்களையும் மனநலத்தையும் கவனிப்பதற்காக வேலை செய்கிறது. தொப்பியைச் சுற்றிய அதே வேலைதான். ஆனால் என் அட்டவணையில் இதற்கு வரிசை எண் கிடையாது. கண் இருக்கிறது, விரல் இருக்கிறது, காது கேளாமை இருக்கிறது. எந்தக் கிழமை என்று தெரியாமல் போவதற்கு எத்தனை சதவீதம் என்று 1923இல் யாரும் எழுதி வைக்கவில்லை.

வீடு திரும்பியதும் வராந்தாவில் உட்கார்ந்து, இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். விரல் எப்படிப் போயிற்று?

மாட்டின் கழுத்தில் கயிற்றை வீசியதும் மறுமுனையைச் சேணத்தின் முன்கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டுமாம். மாடு ஓடும் வேகத்தில் கயிறு கம்பி போல் இறுகும். சுற்றும்போது கட்டைவிரல் மேல் நோக்கி இருக்க வேண்டும். அவருடையது ஒரு கணம் உள்ளே இருந்துவிட்டது. வலி தெரியவில்லை, மாட்டைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் இருந்தது என்றார். கையுறையைக் கழற்றியபோது விரல் கையுறைக்குள்ளேயே தங்கிவிட்டது. 1979, அக்டோபர். ஆஸ்பத்திரிச் செலவை அரசு பார்த்துக்கொண்டது. அடுத்த பருவம் முழுவதும் வருமானம் இல்லை.

"சங்கத்தில் கேட்டீர்களா?"

"எப்படிக் கேட்பது? அது போட்டியில் போகவில்லை. நண்பன் பண்ணையில், ஞாயிற்றுக்கிழமை, சும்மா பழகிக்கொண்டிருந்தபோது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு என்னைப் பார்த்தார். "உன் மேசைக்கு வந்திருந்தால் நீ கொடுத்திருப்பாயா?"

பொய் சொல்ல வரவில்லை. "தள்ளுபடி செய்திருப்பேன்," என்றேன்.

"நானும் அப்படித்தான் செய்திருப்பேன்," என்று அட்டைகளுக்கு மறுபடி ரப்பர் பேண்டைப் போட முயன்றார். நான்கு விரலுக்கு அது நழுவியது. வாங்கிப் போட்டுக் கொடுத்தேன்.